தொடையில் ஏறிய குடம்

தண்ணீர் கேனை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இருபது லிட்டர் என்றால் இருபது கிலோ, கேனின் எடை தனி. மனைவி மூட்டு அறுவைச் சிகிச்சை முடிந்து உள்ளே படுத்திருக்கிறாள். போன மாதம் இதைக் குனிந்து தூக்கித்தான் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. மறுபடி பிடித்தால் அவளுக்குக் கஞ்சி வைக்க ஆளில்லை. பயந்துகொண்டே கேனைச் சாய்த்தேன். உள்ளே தண்ணீர் குளுக்கென்றது.

அம்மாவின் குடத்துச் சத்தம் அது. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் எங்கள் ஊர்ச் சிற்றாற்றில் தண்ணீர் வந்துவிடும்; படித்துறையில் மஞ்சளும் ஈரத்துணியும் மணக்கும். அம்மா நிறைகுடத்தை ஒட்டிக் குத்தவைத்து உட்காருவாள். குதிகால் தரையை விட்டு எழும்பாது. குடத்தைத் தொடையில் ஏற்றி, நெஞ்சோடு அணைத்து, முதுகு வளையாமல் எழுந்த பிறகுதான் இடுப்புக்கு மாற்றுவாள்.

குளிக்க வந்த அப்பா ஒரு நாள், "ஒரு குடத்துக்கு இம்புட்டுச் சடங்கா?" என்று குனிந்து வெடுக்கெனத் தூக்கினார். குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

"எங்க அண்ணன் குடத்துக்குக் கும்பிடு போடுதாரு, மதினி!" என்றாள் அத்தை.

"சிரிக்காதட்டி" என்ற அம்மாவுக்கே சிரிப்பு அடங்கவில்லை. "ஏங்க, முதுகாலயா தூக்குவாக? காலு ரெண்டும் எதுக்கு இருக்கு?"

வாசலில் கேனை ஒட்டி நானும் கால்களை அகட்டி, இடுப்பைப் பின்னால் தள்ளி மெல்ல உட்கார்ந்தேன். முழங்கால்கள் முனகின. கேனைத் தொடையில் ஏற்றி அணைத்துக்கொண்டு எழுந்தேன். இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டாண்டில் வைத்தபோது தடாலென்றது.

"ஏங்க, கீழ போட்டுட்டியளா?" உள்ளிருந்து மனைவி பதறினாள்.

"இல்லட்டி, மேல வச்சுட்டேன். தண்ணி கொண்டாரட்டா?"