அவள் கூப்பிட வரவில்லை

எங்கள் பக்கத்தில் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போவது ஆண்களின் வேலை. வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படும். கலியாணம் முடித்தவன் தன் உடுப்புப் பெட்டியோடு அங்கே போய்க் குடியிருப்பான். சண்டை வந்தால் வெளியே போகவேண்டியவனும் அவன்தான். போனவனைப் பெண் வீட்டார் போய்க் கூப்பிட்டு வருவார்கள். வராவிட்டால் ஊர் கதைக்கும், அதுவும் பெண்ணைப் பற்றியே கதைக்கும். இதில் ஆணுக்கு உள்ள வசதியை நான் முதல் வருடத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன்.

எனக்கு வயது எழுபத்து நான்கு. உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். என் மனைவி தெல்லிப்பழையில் வெங்காயமும் புகையிலையும் செய்த ஒரு கமக்காரரின் மூத்த மகள். என் தாய் வீடு உடுப்பிட்டியில். இரண்டு பஸ் மாறவேண்டும். அந்த இரண்டு பஸ்களையும் எத்தனை தடவை கோபத்தோடு பிடித்தேன் என்று கணக்கு வாத்தியாரான எனக்கே எண்ணிச் சொல்ல முடியவில்லை.

முதல் தடவை, கலியாணமாகி ஆறு மாதம் இருக்கும். பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்குப் போட எடுத்து வைத்த சேட்டில் மடிப்புச் சரியில்லை. ஒன்றும் பேசாமல் வேறு சேட்டைப் போட்டுக்கொண்டு விழாவுக்குப் போய், அங்கிருந்து நேரே உடுப்பிட்டிக்குப் போய்விட்டேன். மூன்றாம் நாள் அவளும் அவளுடைய ஐயாவும் வந்தார்கள். நான் முன் விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, பிள்ளைக்கு விபரம் காணாது. நீங்கள் படிச்சனீங்கள். பொறுத்துக்கொள்ளுங்கோ."

இருங்கோ என்று நான் சொல்லவில்லை. பேப்பரின் மற்றப் பக்கத்தைத் திருப்பினேன். அவர் பின்னால் நின்ற அவள் சொன்னாள்:

"நான் இனிச் செய்யமாட்டன்."

"என்னத்தைச் செய்யமாட்டாய்?"

அவளுக்குத் தெரியவில்லை. சேட்டு என்று நான் சொல்லவே இல்லை. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தேன், கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் பிள்ளையைப் பார்த்துக் காத்திருப்பதுபோல. அவள் தகப்பனைப் பார்த்தாள். தகப்பன் நிலத்தைப் பார்த்தார். பிறகு, "எல்லாத்தையும்" என்றாள்.

எனக்குத் திருப்தியாக இருந்தது. இதை ஒளித்து எழுத விருப்பமில்லை.

தகப்பன் இறந்த பிறகு அவள் தனியே வந்தாள். ஒரு கையில் சாப்பாட்டுக் கரியர், மற்றக் கையில் குடை. நான் உடனே திரும்பமாட்டேன். ஒரு பகல் முழுக்க அவளை என் தாயின் குசினியில் அடுப்படியோடு இருக்கவைத்து, பின்னேர பஸ்ஸுக்குத்தான் வெளிக்கிடுவேன். வரும் வழியில் அவளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுப்பேன், ஒரு கண்ணாடி வளையலோ ஒரு ஐஸ்கிறீமோ. அதை வாங்கும்போது அவள் முகம் இருக்கிற இருப்பைப் பார்க்கவேண்டும். கலியாணப் பெண்ணின் முகம். மூன்று நாள் மூச்சை அடக்கி வைத்திருந்தவளுக்கு நான்தான் காற்றைத் திறந்து விட்டதுபோல. அந்த முகத்துக்காகவே நான் அடிக்கடி கோபித்தேனோ என்று இப்போது யோசிக்கிறேன். யோசிக்க என்ன இருக்கிறது, அதற்காகத்தான்.

நான் மனைவிக்குக் கை நீட்டினதில்லை என்று பல சபைகளில் சொல்லியிருக்கிறேன். அது பொய். இரண்டு தடவை அடித்திருக்கிறேன். ஆனால் அவளைக் கட்டிப்போட்டது அந்த அடி இல்லை. பேச்சை நிறுத்தி நிறுத்திக் கொடுத்ததுதான். நான் கதைக்கிற நாள் அவளுக்கு நல்ல நாள், கதைக்காத நாள் கூடாத நாள். வேறு நாள்காட்டி அவளிடம் இருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒருநாள், "அவர் இல்லாட்டி எனக்கு ஒண்டும் ஓடாது" என்று சொன்னதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அன்றைக்கு முழுவதும் பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு யாராவது வந்தால் ஒரு பகிடி விடுவேன். "இவவுக்குக் கணக்கு எண்டா பத்து விரலும் காணாது, பக்கத்து வீட்டிலை கடன் வாங்க வேணும்." வந்தவர்கள் சிரிப்பார்கள். தேத்தண்ணித் தட்டோடு நிற்கிற அவளும் சிரிப்பாள். என் மகள் மட்டும் சிரிக்கமாட்டாள். அவள் இப்போது கனடாவில் இருக்கிறாள். என்னோடு கதைப்பாள், ஆனால் வானிலைக்கு மேலே போகமாட்டாள்.

சண்டைக் காலத்தில் தெல்லிப்பழை இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. இருபது வருடத்துக்கு மேல் உடுப்பிட்டியில் என் தாய் வீட்டில் இருந்தோம். கோபித்துக்கொண்டு போக எனக்கு வேறு வீடு இல்லை. ஆகவே வீட்டுக்குள்ளேயே மௌனம். ஒருமுறை நாற்பது நாள். அந்த நாட்களில் வாய் திறந்தால் ஒரு வசனம் வைத்திருந்தேன்: "இது உன்ரை வீடில்லை, நினைவிருக்கட்டும்." அவளுடைய வீட்டுக் கூரை இருக்கிறதா, பறந்ததா என்றுகூட அவளுக்குத் தெரியாத காலத்தில் அதைச் சொன்னேன்.

இராணுவம் காணியை விட்ட பிறகு திரும்பிப் போனோம். சுவர் மட்டும் நின்றது. மகள் உதவினாள், வீடு எழும்பியது. நானும் பழையபடி உடுப்பிட்டிக்குக் கோபித்துக்கொண்டு போகத் தொடங்கினேன். அறுபத்தைந்து வயதிலும் போனேன், எழுபதிலும் போனேன். அங்கே இப்போது என் தங்கை மட்டும், விதவை, தனியே இருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் என் மனைவி கரியரோடு வந்தாள்.

போன வருடம் பங்குனியில் கடைசித் தடவை. குசினி ஓட்டின் மேல் சாய்ந்திருந்த பலாக் கிளையை அவள் ஆள் பிடித்து வெட்டுவித்துவிட்டாள். நான் வாசிகசாலையிலிருந்து வந்து பார்க்கிறேன், கிளை முற்றத்தில் கிடக்கிறது.

"ஆரைக் கேட்டு வெட்டினனி?"

வழமையாக, "பிழைதான்" என்பாள். அது அவளுடைய வணக்கம் மாதிரி. அன்றைக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"ஓடு உடைஞ்சது. வெட்டுவிச்சன்."

"அப்ப இனி நான் தேவையில்லை?"

அவள் துருவினாள்.

"சரி. உன்ரை வீட்டிலை நீயே இரு."

"ஓம்" என்றாள்.

அந்த ஓமில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. நான் சேட்டை மாட்டிக்கொண்டு கேற்றை அடித்துச் சாத்திவிட்டுப் போனேன்.

தங்கை என்னைக் கண்டதும் தலையில் கை வைத்தாள்.

"அண்ணை, உங்களுக்கு எத்தினை வயசு? உந்தக் கால் வீக்கத்தோடை கோவிச்சுக்கொண்டு வாறியளே, வெக்கமில்லையோ?"

"மூண்டு நாள்தானே."

"உங்களுக்கு மூண்டு நாள். எனக்கு மூண்டு நாளும் உங்கடை முகத்தைப் பாக்க வேணும்."

மூன்றாம் நாள் சவரம் செய்து, வேட்டி மாற்றி, விறாந்தையில் பேப்பரோடு இருந்தேன். பத்து மணி பஸ் போனது. பன்னிரண்டு மணி பஸ் போனது. அவள் வரவில்லை. நாலாம் நாள், சுகமில்லையாக்கும் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் தங்கையிடம், "ஒருக்காப் போன் அடிச்சுப் பார்" என்றேன். அவள் அடித்துக் கதைத்துவிட்டு வைத்தாள்.

"மச்சாள் நல்லா இருக்கிறா. இண்டைக்குக் கீரையும் ஒடியல் கூழுமாம்."

"என்னைப் பற்றி?"

"நீங்கள் நேரத்துக்கு மருந்துக் குளிசை போடுறியளோ எண்டு கேட்டவ."

"வாறன் எண்டு சொல்லேல்லையோ?"

"இல்லை. நானும் கேக்கேல்லை. நான் அவவா இருந்தா உங்களை எப்பவோ இஞ்சை பார்சல் பண்ணியிருப்பன்."

அந்தக் கிழமை எனக்குள் இருந்ததைச் சொல்ல வேண்டும். கவலை இல்லை. கொதிப்பு. எனக்குச் சேரவேண்டியதை யாரோ பறித்ததுபோல. ஒரு பகல் பேப்பரை அப்படியே கிழித்தேன். அவளைத் திட்டுவதற்கு வசனங்கள் சேர்த்தேன், அவற்றைத் திருத்தினேன், இன்னும் கூர்மையாக்கினேன். கேட்க ஆள் இல்லை. எதிரில் நின்று நடுங்க அவள் இல்லாதபோது அந்த வசனங்கள் ஒரு கிழவனின் முணுமுணுப்பாக இருந்தன. அவள் இல்லாவிட்டால் எனக்கும் ஒன்றும் ஓடாது என்பது விளங்க எழுபத்து மூன்று வயது ஆகியிருந்தது. விளங்கியதால் கோபம் குறையவும் இல்லை.

பதினோராம் நாள் நானே போனேன். பகல் பதினொன்றரை. கேற்றைத் திறந்துகொண்டு உள்ளே போனால், அவள் சாப்பாட்டு மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வருடத்தில் அவள் மேசையில் இருந்து சாப்பிட்டதை நான் கண்டதில்லை. நான் சாப்பிட்டு எழும்பின பிறகு குசினிக்குள் பலகையில் இருந்து சாப்பிடுவாள். என்னைக் கண்டதும் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். குசினிப் பக்கம் இரண்டு அடி வைத்தாள். நின்றாள். பிறகு திரும்பி வந்து, கோப்பையை மேசையில் வைத்து, இருந்தாள். ஒரு கவளத்தை உருட்டி வாயில் வைத்தாள்.

"சாப்பிட்டியளோ?"

"இல்லை."

"பானையிலை சோறு கிடக்கு. போட்டுச் சாப்பிடுங்கோ."

நான் போடவில்லை. எதிரில் இருந்தேன்.

"ஏன் வரேல்லை?"

"வர வெளிக்கிட்டனான்" என்றாள், கோப்பையைப் பார்த்துக்கொண்டு. "மூண்டாம் நாள் சீலை மாத்தி, கரியர் கட்டி, பஸ் ஹோல்ட்டிலை போய் நிண்டனான். ஒரு பஸ் வந்தது, ஏறேல்லை. பிறகும் ஒண்டு வந்தது."

"ஏன் ஏறேல்லை?"

"அங்கை வந்து என்ன சொல்லுறதெண்டு யோசிச்சன். கிளையை வெட்டினது பிழை எண்டு சொல்லேலாது. அது பிழையில்லை. அப்ப வேறை என்னத்தைச் சொல்லுறது? ஒண்டும் வரேல்லை. திரும்பி வந்து கரியரைத் திறந்து நானே சாப்பிட்டன்."

"ஆர் உனக்கு உதெல்லாம் சொல்லித் தந்தது?"

அவள் முதல் தடவையாக நிமிர்ந்தாள். "பாத்தியளே. எனக்குத் தானா ஒண்டும் தோணாது எண்டுதான் உங்களுக்கு நினைப்பு."

பிறகு அவளே சொன்னாள். பிரஷர் கிளினிக்குக்குப் போகிற நாட்களில், அங்கேயே வேறொரு அறையில் மன ஆலோசனை சொல்கிற ஒரு பெண்ணோடு கதைத்து வருகிறாளாம். இரண்டு வருடமாக. நான் குளிசை எடுக்கத்தான் போகிறாள் என்று நினைத்திருந்தேன்.

"என்ன கதைக்கிறனீ?"

"முதல் மூண்டு தரமும் உங்கடை படிப்பைப் பற்றியும் நல்ல குணத்தைப் பற்றியும்தான் சொன்னனான். நாலாந்தரம் அந்தப் பிள்ளை, 'அம்மா, உங்களுக்கு என்ன கறி விருப்பம்?' எண்டு கேட்டுது. எனக்குச் சொல்லத் தெரியேல்லை. உங்களுக்கு என்ன கறி விருப்பம் எண்டுதான் வாயிலை வருது. வீட்டை வந்து அண்டு முழுக்க யோசிச்சன். சுறா வறை. உங்களுக்கு அந்த மணம் பிடிக்காது எண்டு முப்பது வருசமாச் சமைக்கேல்லை."

மேசையில் இருந்தது சுறா வறை.

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்ட விதத்தையும் சொல்லவேண்டும். நல்ல தமிழில், முழு வசனங்களில், முகவுரையோடு கேட்டேன். அவள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தாள். மேசையைத் துடைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் மன்னிப்புக் கேட்டாச்சு. இனியென்ன?"

"கேட்டனீங்கள் சரி. உடனை விடை சொல்ல இதென்ன உங்கடை வகுப்போ?"

"அப்ப நான் இஞ்சை இருக்கிறதோ, போறதோ?"

அவள் நீண்ட நேரம் யோசித்தாள். அவள் யோசிக்க நான் ஒருநாளும் நேரம் விட்டதில்லை என்பதால் அது எனக்கு இன்னும் நீளமாக இருந்தது.

"நீங்கள் கேற்றைத் திறக்கிற சத்தம் கேட்டவுடனை எனக்கு வயித்துக்குள்ளை பிசையுது. இப்பவும் பிசைஞ்சது. அது நிக்கட்டும். நிக்கும் மட்டும் உங்கடை தங்கச்சியோடை இருங்கோ. ஞாயிற்றுக்கிழமையிலை வாங்கோ, கதைப்பம்."

ஒன்றரை வருடமாகிறது. தங்கை வீட்டில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன், என் சோற்றை நானே போடுகிறேன். அவள் எல்லாம் மாறிவிட்டவள் இல்லை. சில ஞாயிறுகளில் நான் முகம் சுளித்தால் உடனே "பிழைதான்" என்று வாயில் வந்துவிடுகிறது. வந்ததும் அவளுக்கே கோபம் வருகிறது. ஒருநாள் நான், "கறி நல்லாயிருக்கு, நீ கெட்டிக்காரி" என்றேன். அவள் முகத்தில் அந்தப் பழைய கலியாணப் பெண்ணின் வெளிச்சம் ஒரு கணம் வந்தது. திட்டினாலும் நான்தான் அவளுக்கு அளவுகோல், புகழ்ந்தாலும் நான்தான். இவ்வளவு காலமும் கெடுத்ததை நான் கையால் தொட்டுத் திருத்த முடியாது; தொட்டால் திரும்பவும் என் கைதான் அதில் இருக்கும். கணிதத்தில் தீர்வில்லாத சமன்பாடுகள் உண்டு என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஏற்றுக்கொள்ளும்படி அவர்களிடம் சொல்வது சுலபமாக இருந்தது.

போன கிழமை தொலைபேசியில் கேட்டேன்.

"இப்ப எப்பிடி? இன்னும் பிசையுதோ?"

"ஓம்."

"குறைஞ்சாவது இருக்கோ?"

"நீங்கள் ஒவ்வொரு கிழமையும் கேக்கிறியள். கேக்கக் கேக்க, உங்களுக்காகக் குறைக்க வேணும் எண்டு வருது. அதுதான் குறையுதில்லை."

"அப்ப இனிக் கேக்கமாட்டன்."

"கேக்காதேங்கோ" என்றாள். வைத்துவிட்டாள்.

நாளை ஞாயிறு. கேட்காமல் இருந்துவிட்டு வர வேண்டும். இரண்டு பஸ்ஸிலும் அந்தக் கேள்வி வாயில் வரும், எனக்குத் தெரியும். அவள் ஒருவேளை தானாகச் சொல்லலாம். ஒருவேளை ஒருநாளும் சொல்லாமலே இருக்கலாம். அதைத் தீர்மானிப்பவன் நான் இல்லை. எழுதும்போது இந்த வசனம் சரியாக வருகிறது. நெஞ்சுக்குள் இன்னும் வரவில்லை.