முறியாத பின்

1994 நவம்பர் 19, சனிக்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வரும் நாள் என்பதால் முதலில் இரண்டு டிரம்களையும் எட்டுக் குடங்களையும் நிரப்பினேன். ஏழு மணிக்கு இட்லி. எட்டு இருபதுக்குப் பட்டறையைத் திறந்து, லேத்துக்கு எண்ணெய் விட்டு, எரிந்துபோய்ச் செம்புக்கம்பிக் காயில் கட்ட வேண்டிய மோட்டார்களை வந்த தேதிப்படி வரிசையாக வைத்தேன். நான்கு இருந்தன. பீளமேட்டில் என் பட்டறைக்கு வருவதெல்லாம் கிணற்று மோட்டார்களும் பம்புகளும்தான். முந்தின இரண்டு நாள் மட்டும் ஒரு படகு எஞ்சின் என் மேசையில் கிடந்தது.

அது என் மனைவியின் தம்பியுடையது. தென்னந்தோப்பைத் தவிர வேறு தொழில் தெரியாத குடும்பம். அவர் மட்டும் அந்த வருஷம், பொள்ளாச்சியைத் தாண்டி மலையடிவாரத்தில் உள்ள ஓர் அணையில் மீன் குத்தகை எடுத்திருந்தார். எஞ்சின் கொச்சியில் வாங்கிய பழசு. டூ ஸ்ட்ரோக், எட்டுக் குதிரைத் திறன், படகின் பின்பலகையில் திருகி மாட்டுவது. இருபது முறை கயிற்றை இழுத்தால் ஒரு முறை பிடிக்கிறது, பிடித்தாலும் புகையில் கண் தெரிவதில்லை என்று வியாழக்கிழமை சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்.

பிளக் கறுத்து ஈரமாக இருந்தது. பெட்ரோலில் எண்ணெயைக் கைக்கணக்கில் ஊற்றியிருக்கிறார். அளவு குறித்த டப்பா ஒன்று செய்து கொடுத்தேன். கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதினேன். புகை போகும் வாயில் பாதி கரி அடைத்திருந்தது, அதையும் சுரண்டினேன். சூடு ஆற்றும் தண்ணீர் வெளியே பீச்சும் துளையில் வண்டல். தொட்டித் தண்ணீரில் நிறுத்தி ஓட்டியபோது மூன்றாம் இழுப்பில் பிடித்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தண்ணீருக்குள் சுழலும் விசிறியைத் தண்டோடு இணைப்பது ஒரு பித்தளைப் பின். பென்சில் பருமன், சுண்டுவிரல் நீளம். அணைக்குள் மூழ்கிப்போன பனைகளின் அடிமரங்கள் ஏராளம். விசிறி அதில் மோதினால் பின் முறியும். அவர் விசிறியைக் கழற்றி வேறு பின் போட்டுக்கொண்டு கிளம்புவார்.

"ஏனுங்க மச்சான், இதென்னங்க பித்தளையில? நாலு நாளைக்கு ஒண்ணு முறியுது. மீனு பிடிக்கறனா, பின்னு மாத்தறனான்னே தெரியலீங்க."

"மாப்ள, வித்தவன் உங்களுக்கு வெவரம் தெரியாதுன்னு பார்த்துப் பித்தளையைக் கொடுத்துப்போட்டான். நம்ம லேத்து எதுக்கு இருக்குது?" என்றேன்.

கடினமான எஃகுக் கம்பியில் கடைந்தேன். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினேன். மைக்ரோமீட்டரில் நூல் பிசகவில்லை. சுத்தியலால் அடித்துக் காட்டினேன், சுத்தியலில்தான் தடம் விழுந்தது. மைத்துனர் சிரித்தார். "இனி மரந்தானுங்க முறியும்." மாற்றுக்கு வைத்திருந்த ஐந்து பித்தளைப் பின்களையும் என் மேசையிலேயே போட்டுவிட்டு, சனிக்கிழமை ஒன்பது மணிக்கு எஞ்சினோடு வேன் ஏறினார்.

பகல் ஒன்றேகாலுக்குக் கருமத்தம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் எரிந்த மோட்டாரோடு வந்தார். உள்ளே செம்பெல்லாம் கரி.

"பீஸ் போகலீங்களா?" என்று கேட்டேன்.

"அது எந்நேரமும் போகுதுங்க. கட்டுக்கம்பிய நாலா முறுக்கி வெச்சுப்போட்டேன். அப்புறம் ஒருக்காக்கூடப் போகலீங்க."

இதை வாரத்துக்கு இரண்டு பேரிடமாவது கேட்டிருப்பேன். எப்போதும் சொல்வதையே அவரிடமும் தொடங்கினேன். "பீஸ் எதுக்குங்ண்ணா இருக்குது? அது போனாத்தான் மோட்டார் பொழைக்கும். நீங்க கம்பியப் போட்டா அது நிக்கும்..."

வாய் அங்கேயே நின்றது. என் கண் மேசையிலிருந்த பித்தளைப் பின்கள் மேல் இருந்தது. ஒன்றை எடுத்து அரத்தால் தேய்த்தேன், வெண்ணெய் மாதிரி இறங்கியது. முறிவதற்கென்றே ஒருவன் அளந்து வைத்த மென்மை. அது முறியாவிட்டால் அடி நேராகத் தண்டுக்கும் கியர் பெட்டிக்கும் போகும். கியர் போனால் தண்ணீரின் நடுவில் செய்வதற்கு ஒன்றுமில்லை.

"ஏனுங்க, என்னாச்சுங்க? எம்மோட்டாரு அத்தனை மோசமுங்களா?" என்று விவசாயி பயந்து கேட்டார்.

மலையில் பத்து நாளாக மழை. அணை நிரம்பி, வியாழன் முதல் இரண்டு மதகுகள் திறந்திருந்தன. மதகை நோக்கித் தண்ணீர் இழுக்கும். அந்தப் பக்கம்தான் இப்போது மீன் சேருகிறது என்று மைத்துனர் பெருமையாகச் சொல்லியிருந்தார். படகில் அவரும் ஒரு வலைக்காரரும். துடுப்பு ஒன்றே ஒன்று.

அணைக்கரை டீக்கடைக்குப் போன் செய்தேன். நான்காவது முறை கிடைத்தது.

"படகுக்காரருங்களா? எஞ்சின மாட்டிக்கிட்டு அப்பவே உள்ள போயிட்டாங்களே. மச்சான் செஞ்ச பின்னு, மச்சான் செஞ்ச பின்னுன்னு கடையில அத்தனை பேருத்துக்கிட்டயும் சொல்லிப்போட்டுத்தான் போனாங்க."

ஐந்து பின்களையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டில் சொல்லப் போனேன். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "ஏனுங்க, ஒரு மாதிரி இருக்கறீங்க?" அவளுக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். எஞ்சினில் ஒரு சாமான் விட்டுப்போயிற்று, கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். பொய் இல்லை. அவள் ஒரு டப்பாவில் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் எடுத்து வந்தாள். "தம்பிக்குக் குடுங்க. பசியோட தண்ணிக்குள்ள சுத்திக்கிட்டிருப்பான்." டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

உக்கடத்தில் இரண்டு ஐம்பதுக்குப் பஸ். கிணத்துக்கடவில் மழை பிடித்தது. பொள்ளாச்சியில் இருபத்தைந்து நிமிஷம் காத்திருந்து அடுத்த பஸ். வழியெல்லாம் கணக்குப் போட்டேன்: நான்கு நாளைக்கு ஒரு முறை மோதல் என்றால், இன்றைக்கு மோதாமல் இருக்க நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு. இந்தக் கணக்கு என்னை ஒரு கிலோமீட்டர்கூடத் தேற்றவில்லை. மழையில் தண்ணீர் கலங்கியிருக்கும், அடிமரங்கள் கண்ணுக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்ததும் கணக்கை விட்டுவிட்டேன்.

ஐந்து பத்துக்கு இறங்கினேன். பஸ் போனதும் மதகுத் தண்ணீரின் இரைச்சல் காதை அடைத்தது. கரையோரம் ஓடினேன். சாம்பல் நிறத் தண்ணீர், சாம்பல் நிற மழை. படகு எங்கும் இல்லை. மதகுப் பக்கம் ஒரு மரக்கிளை மிதந்து போவதைப் பார்த்தேன். மெதுவாகத்தான் போயிற்று. கடைசிப் பத்து முழத்தில் சட்டென்று வேகம் பிடித்துக் காணாமல் போனது. கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்து ஐம்பதுக்கு எஞ்சின் சத்தம் கேட்டது. பார்ப்பதற்கு முன் கேட்டேன். சத்தத்துக்குள் இன்னொரு சத்தம்: விட்டு விட்டு ஒரு 'டக்', மறுபடி 'டக்'. பட்டறையில் அது இல்லை. படகு கண்ணில் பட்டது. அது மதகுப் பக்கத்தைத் தாண்டிக் கரைக்கு வர ஏழு நிமிஷம் ஆயிற்று. அந்த ஏழு நிமிஷமும் ஒவ்வொரு 'டக்'குக்கும் அடுத்தது வருமா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அட, மச்சான்! மழையில எங்கீங்க இத்தனை தூரம்?" மைத்துனர் நனைந்த தலையோடு குதித்து இறங்கினார். "உங்க பின்னு பின்னுதானுங்க! ரெண்டு தடவ மரத்துல மோதி படகே எம்பிருச்சு. அசையலியே! கேட்டுப் பாருங்க இவரை."

வலைக்காரர் என்னைப் பார்த்து, "எம்புனப்ப எனக்கு உசுரு போயிட்டு வந்துதுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டீக்கடையில் என்னை நடுவில் உட்கார வைத்தார் மைத்துனர். ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று, தங்களுக்கும் அதே மாதிரி பின் கடைந்து தரச் சொன்னார்கள். உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். சொல்லவில்லை. கச்சாய டப்பாவைக் கொடுத்தேன். "காலையில நான் பார்க்காம எஞ்சினத் தொடாதீங்க மாப்ள" என்று மட்டும் சொன்னேன். "ஞாயித்துக்கிழமைங்க, நாலரைக்கே போனாத்தான் மீனு" என்றார். வெளிச்சம் வரட்டும் என்று பிடிவாதமாகச் சொன்னேன். அவருடைய குடிசையில் படுத்தேன். மதகின் இரைச்சல் விடியும்வரை நின்றபாடில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, பல்கூடத் துலக்காமல், முதல் வேலையாகக் கியர் பெட்டியின் அடித்திருகைக் கழற்றி எண்ணெயை ஒரு தட்டில் வடித்தேன். தண்ணீர் கலந்து, பால் விட்ட காப்பி நிறத்தில் வந்தது. விரலால் துழாவியபோது இரண்டு துண்டுகள் கிடைத்தன. வேட்டியில் துடைத்துப் பார்த்தேன். கியரின் பற்கள். தூங்கிக்கொண்டிருந்த மைத்துனரை எழுப்பி, அவற்றை அவர் உள்ளங்கையில் வைத்து, "இது நான் செஞ்ச தப்பு மாப்ள" என்றேன்.