தறி நின்ற மதியம்

எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று அலுவலகம் சொன்ன பிறகும், நான் கோயம்புத்தூரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையை விட்டு நெடுநாள் நகரவில்லை. எந்தத் தோழி கூப்பிட்டாலும் "வேலை இருக்குடி" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். கடைசியில் பல்லடத்தில் வாழ்க்கைப்பட்ட என் கல்லூரித் தோழி ஒருநாள் போனில் பிடித்துக்கொண்டாள்.

"கம்ப்யூட்டரு உன்ற மடியில தான இருக்குது? அதையும் தூக்கிட்டு வா. எங்கூட்டுல கரண்டு இருக்குது, வைஃபை இருக்குது, சோறு இருக்குது. இன்னும் என்னடி வேணும்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் துணிப்பையையும் மடிக்கணினியையும் காரில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். பல்லடத்தில் ஒரு வாரம், அங்கிருந்து மேட்டுப்பாளையத்தில் இன்னொரு தோழி வீடு. பகலில் வேலை, சாயங்காலம் அரட்டை என்பது திட்டம்.

தோழியின் வீடு தென்னை மரங்களுக்கு நடுவில் இருந்தது. காக்கை கத்தினால் அதுதான் அங்கே பெரிய சத்தம். மதியம் கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, பெங்களூரில் இருக்கும் என் மேலாளருக்கு உற்சாகமாக ஒரு செய்தி அனுப்பினேன். "செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குக் கவலையே வேண்டாம். இவ்வளவு அமைதியான இடத்தை நான் பார்த்ததே இல்லை." கணக்கு மென்பொருளைப் புதிதாக வாங்குகிறவர்களுக்குப் பயிற்சிக் காணொளிகள் தயாரிப்பது என் வேலை. செவ்வாய்க்கிழமை ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மொத்தத்தையும் போட்டுக் காட்ட வேண்டும்.

திங்கட்கிழமை விடிந்தபோது கட்டில் அதிர்ந்தது. நில நடுக்கம் என்றே நினைத்து வெளியே ஓடினேன். தோழி சமையலறையில் நிதானமாகக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னடி சத்தம் இது?"

"என்ன சத்தம்?"

"இதுதான்டி! கேக்கலையா உனக்கு?"

அவள் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கவனித்தாள். "ஓ, தறியச் சொல்றியா?"

வீட்டின் பின்சுவரை ஒட்டியே அவர்களுடைய தறிக்குடோன். நான் வந்து இறங்கிய ஞாயிறு தறிக்கு வார விடுமுறை. இப்போது அத்தனை விசைத்தறிகளும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. அந்த வீட்டில் ஏன் எல்லோரும் எதிர்த் தோப்பில் நிற்பவரைக் கூப்பிடுவது போலப் பேசுகிறார்கள் என்பதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. "உப்பு எடு" என்பதைக்கூட ஊர்வலத்தில் கோஷம் போடுவது போலத்தான் சொன்னார்கள்.

அன்று முழுவதும் இடம் தேடி அலைந்தேன். மாடிக்குப் போனால் சத்தம் முன்னாலேயே மாடியேறி நின்றது. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பார்த்தேன். எதிர்முனையில் இருந்தவர் நான் ரயிலில் போகிறேனா என்று கேட்டார். கடைசியில் காரைத் தெருக்கோடி வேப்பமரத்தடியில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, அதற்குள்ளேயே வேலை பார்த்தேன். தோழி இரண்டு முறை வந்து கண்ணாடியைத் தட்டினாள். முதல் முறை தட்டில் முறுக்கு கொண்டுவந்தாள். இரண்டாம் முறை வெறும் கையோடு வந்தாள்.

"நீ என்னையப் பாக்க வந்தியா, எங்கூரு வேப்பமரத்தப் பாக்க வந்தியா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. சாயங்காலம் பேசலாம் என்று சமாதானம் சொன்னேன். சாயங்காலமும் தறி ஓடியது. நான் கேட்டதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. அவள் சொன்னதில் பாதிதான் எனக்குக் காதில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம்தான் கூட்டம். கேமராவைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். மதிய வெயிலில் காருக்குள் உட்கார்ந்தால் வெந்துவிடுவேன். நான் முழிப்பதைப் பார்த்துத் தோழியின் மாமனார் விசாரித்தார். அவரை நானும் அப்பா என்றுதான் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் மனிதர் கலகலவென்று சிரித்தார்.

"இதுக்கா கண்ணு இத்தன ரோசன? தறிய நிறுத்திப்போட்டாப் போச்சு."

"ஐயோ, வேண்டாங்கப்பா. எனக்காக வேலைய நிறுத்தறதா?"

"விருந்தாளியா ஒரம்பரை வந்த புள்ளைக்கு ஒரு மணி நேரம் தறிய நிறுத்துனா குடி முழுகிப் போயிருமா? நீ போயி உக்காரு அம்மணி."

எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. நான் முன்னறையில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்ததும் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. தறிக்காரர்கள் டீ குடிக்கப் போனார்கள். அந்த நிசப்தத்தில் எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. வெளிநாட்டு அம்மையார் முதல் காணொளியைப் பார்த்துத் தலையாட்டினார். மேலாளர் முகம் மலர்ந்தது.

இரண்டாவது காணொளி பாதியில் ஓடும்போது வெளிக்கதவு கிறீச்சிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, தறி நின்னுபோச்சு? ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க! சத்தம் போடாதீங்க! உள்ள மீட்டிங் நடக்குது!" என்று அப்பா ரகசியமாகச் சொன்னார். அவருடைய ரகசியம் மூன்று வீடு தாண்டிக் கேட்டிருக்கும்.

அடுத்து இன்னொருவர் வந்தார், ஃபியூஸ் போயிருந்தால் பார்க்கலாம் என்று டெஸ்டரோடு. அவருக்குப் பின்னால் நூல்காரர். அந்தத் தெருவில் வேலை நாளில், பட்டப்பகலில், கரண்டும் ஃபியூஸும் சரியாக இருக்கும்போது ஒரு குடோன் மொத்தமாக நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொருவருக்கும் அப்பா அதே ரகசியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மைக்கை அணைப்பதும் போடுவதுமாகச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அடுத்த தெருவிலிருந்து ஓர் அக்கா வந்தார். அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டே நேராக முன்னறைக்குள் வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"எப்பக் கண்ணு போனாங்க?"

"யாருங்கக்கா?"

"அதத்தான் கண்ணு நானும் கேக்கறேன்."

கேமரா இதையெல்லாம் ஒன்றுவிடாமல் காட்டிக்கொண்டிருந்தது; மைக்கையும் நான் அணைக்க மறந்திருந்தேன். என் மேலாளருக்கு அரைகுறைத் தமிழ் தெரியும். 'போனாங்க' என்ற சொல் மட்டும் அவருக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது. அந்த வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்துவிட்டது என்று வாடிக்கையாளருக்குத் தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மையார் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "இல்லை, யாருக்கும் ஒன்றுமில்லை" என்று நான் பதறினேன். அம்மையார் என் மன உறுதியைப் பாராட்டினார். காணொளிகள் மிக நன்றாக இருக்கின்றன, கேள்வி எதுவும் இல்லை, குடும்பத்தோடு இருங்கள் என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார். வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்த தோழி, அப்படியே தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சாவு விழுந்ததால்தான் தறி நின்றது என்று நினைத்து வந்த அக்காவுக்கு, விவரம் தெரிந்ததும் கோபம் வரும் என்று பயந்தேன். "யாரும் போகலீல்ல? அது போதுஞ் சாமி" என்று அவர் எழுந்து போய், அடுப்பில் டீ வைத்தார். வந்தவர்கள் எல்லோரும் டீயும் என் பங்கு முறுக்கும் சாப்பிட்டார்கள். தறிக்காரர்கள் திரும்பி வர இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்த இடைவெளியில் தோழி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சின்னக் குரலில், கல்லூரி விடுதியில் பேசுகிற மாதிரி, "இப்பச் சொல்லு, எப்புடி இருக்கற?" என்றாள். அவளுக்கு இன்னும் அந்தக் குரல் இருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மடிக்கணினியை மூடினேன். என் அம்மாவின் முழங்கால், தோழியின் தைராய்டு மாத்திரை, வாங்கலாமா வேண்டாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த ஒரு துண்டு நிலம் என்று பேச்சு ஓடியது. தறி மறுபடி ஓடத் தொடங்கியபோது நாங்கள் பாதி வாக்கியத்தில் இருந்தோம். அவள் பட்டென்று குரலை உயர்த்தி மீதியை முடித்தாள்.

அன்று சாயங்காலமே வாடிக்கையாளருக்கு நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். அனுதாபத்தில் கிடைத்த பாராட்டை வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. மறுநாள் பதில் வந்தது. அவர் குடும்பமே படித்துச் சிரித்ததாம். கூடவே, துக்க வீட்டில் கேட்கக் கூடாது என்று அடக்கி வைத்திருந்த கேள்விகள் அத்தனையும் வரிசையாக வந்திருந்தன. இரண்டு காணொளிகளைத் திருத்தச் சொல்லியிருந்தார்.

அவற்றை வேப்பமரத்தடிக் காரில் உட்கார்ந்து திருத்தினேன். இந்த முறை பக்கத்து இருக்கையில் தோழி இருந்தாள், மடியில் ஒரு முறம் சின்ன வெங்காயத்தோடு. அவள் உரித்தாள், நான் தட்டச்சு செய்தேன். நடுநடுவே இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினோம். வெயில் இறங்கியதும் காரை அப்படியே கிளப்பிக்கொண்டு பேக்கரிக்குப் போய்த் தேங்காய் பன்னும் டீயும் வாங்கினோம். பாதி உரித்த வெங்காயம் பின் இருக்கையில் கிடந்தது.