இரண்டு மடக்குத் தண்ணீர்

"பட்டப்பகலில் ஏதய்யா பேய்?" என்று கேட்பவர்கள் கேட்கட்டும். கப்ரியேல் என் மைத்துனன். கதை கட்டத் துப்பில்லாதவன். சின்னப் பொய் சொன்னாலும் காது சிவந்து அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். அவன் சொன்னதைத்தான் எழுதுகிறேன். அவனுக்கு அது நடந்தது.

1969 ஏப்ரல், சைகோன். காரைக்கால் குடும்பம். அப்பா வியட்நாம் குடியுரிமை வாங்கியிருந்ததால் பிள்ளைகள் இருவரையும் ராணுவம் விடவில்லை. அண்ணன் அகுஸ்தேன் போர்முனையில் இருந்தான். பதினேழு வயது கப்ரியேல், டான் சோன் நாட் விமான நிலையத்துக்கு அப்பால் ஒரு மாணவர் படை முகாமில் இருந்தான். அணிவகுப்பு, கயிறு ஏறுதல், வரைபடம் பார்த்து வழி கண்டுபிடித்தல், துப்பாக்கியைக் கழற்றி மாட்டுதல் என்று நாள் முழுக்கப் பயிற்சி. உடம்பில் இருந்த கொஞ்சநஞ்சச் சதையும் முதல் மாதத்திலேயே காணாமல் போனது.

அன்று காலை அம்மா மாதலேனிடமிருந்து ஆள் வந்தான். அகுஸ்தேனுக்கு வயிற்றில் குண்டு. நகரத்து ராணுவ மருத்துவமனையில் அறுவை முடிந்து கிடக்கிறான். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகக் கூடாதாம். இன்றைக்குத் தாண்டினால் பிழைத்துக்கொள்வானாம். உன்னையே கேட்கிறான், ஓடி வா.

கப்ரியேல் சார்ஜெண்டின் காலில் விழாத குறைதான்.

"முதலுதவித் தேர்வு முடியட்டும். அப்புறம் போ."

ரப்பர் தோப்பில் ஆளுக்கொரு மாணவன் காயம்பட்டவன்போலப் படுத்திருப்பான். என்ன காயம் என்று எழுதிய அட்டை சட்டையில் தொங்கும். அவனைத் தேடிப் பிடித்து, கட்டுப் போட்டு, முதுகில் சுமந்து வர வேண்டும். வயிற்றுக் காயத்துக்குத் தண்ணீர் கொடுத்தால் தேர்வில் தோல்வி. ஆனால் பையன்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வெயிலில் வெகுநேரம் கிடப்பவன் பாவம் அல்லவா? சார்ஜெண்ட் பார்க்காதபோது இரண்டு மடக்கு ஊற்றிவிடுவார்கள். அடுத்த தடவை தாங்களும் கிடக்க வேண்டியவர்கள்தானே.

மணி இரண்டுக்கு விசில் ஊதியது. கப்ரியேல் தலைதெறிக்க ஓடினான். சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் அண்ணனைப் பார்க்கலாம். அவன் மனதில் வேறு எதுவுமே இல்லை.

மூன்றாவது வரிசை மரத்தடியில் ஒருவன் கிடந்தான். தொப்பி முகத்தை மூடியிருந்தது. அட்டையில் வயிறு என்று எழுதியிருந்தது. கட்டு ஏற்கெனவே போட்டிருந்தது. எவனோ வேலையை மிச்சப்படுத்திவிட்டான் என்று நினைத்தான்.

காலில் பூட்ஸ் இல்லை. அதையும் பார்த்தான். நின்று யோசிக்க நேரமில்லை.

கையைப் பிடித்தான். அந்த வெயிலில்... ஜில்லென்று இருந்தது.

டெட்டால் வாடை அடித்தது.

கிர்ர்ர் என்று கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகள் சட்டென்று நின்றன.

"தண்ணி..."

"இரு, தரேன்."

தொப்பிக்கு அடியில் தன் தண்ணீர்க் குப்பியை நுழைத்துச் சாய்த்தான். மடக்... மடக்...

மூடியைத் திருகும்போதுதான் உறைத்தது. அவன் கேட்டது தமிழில். தான் பதில் சொன்னதும் தமிழில்.

அந்த முகாமில் தமிழ் தெரிந்தவன் கப்ரியேல் ஒருவன்தான்.

திரும்பினான்.

யாரும் இல்லை...

சருகு மட்டும் அமுங்கியிருந்தது. ஈரமாக.

"ஏய்! நான் இங்கே இருக்கிறேன்!" அடுத்த வரிசையிலிருந்து வியட்நாமியப் பையன் துவான் கத்தினான். அவன் சட்டையில் வயிறு என்று எழுதிய அட்டை. "எவ்வளவு நேரம்டா கிடப்பது? ஒருத்தனும் வரவில்லை!"

கப்ரியேல் அவனைத் தூக்கவில்லை. தேர்வாவது மண்ணாவது. முள்வேலியைத் தாண்டிக் குதித்தான். கையைக் கிழித்துக்கொண்டது தெரியவில்லை. சாலையில் கையை நீட்டி நீட்டிப் பார்த்தான், ராணுவ லாரி ஒன்றும் நிற்கவில்லை. அழுதுகொண்டே ஓடினான், நடந்தான், மறுபடி ஓடினான். மாதாவே, மாதாவே என்று வாய் ஓயவில்லை.

வார்டுக்குள் நுழைந்தபோது அகுஸ்தேன் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள்.

அம்மா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை.

"விடியக்காலையிலிருந்து இந்த எடத்தவிட்டு எந்திரிக்கல. கண்ணசரல. யாரும் கிட்ட வரல. ரெண்டு மணிக்கு மேல பாத்தா... வாயெல்லாம் தண்ணி. கழுத்துல வழியுது. தலகாணி நனஞ்சு போச்சு. ஏதுடா தண்ணின்னு கேட்டேன்."

கப்ரியேல் இடுப்பில் தொங்கிய குப்பியைக் குனிந்து பார்த்தான்.

"தம்பி குடுத்தான்மான்னு சிரிச்சான். கொஞ்ச நேரத்துல வயித்தப் புடிச்சிகிட்டுத் துடிச்சான். டாக்டரு வர்றதுக்குள்ள..."

அவள் நிமிர்ந்து மகனைப் பார்த்தாள்.

"ஏன்டா குடுத்தே?"