மணம் தெரியாமல் சாப்பிட்ட யாழ்ப்பாணம்

பலாலி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்குப் பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். ஓட்டோக்காரர் வழிநெடுகச் சாப்பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பாசையூரில் நண்டு, நெல்லியடியில் தோசை, பருத்தித்துறையில் வடை என்று அடுக்கிக்கொண்டே போனார். ஒரு மாதம் தங்கி, உணவகங்களில் சாப்பிட்டு, பிடித்தவற்றைப் பற்றி எழுத வந்திருக்கிறேன் என்று அவரிடம் நான் சொல்லியிருந்ததுதான் காரணம். எனக்கு மணம் தெரியாது என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு வந்த காய்ச்சலோடு போனது. காய்ச்சல் விட்டது, மூக்கு திரும்பவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். நாக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, காரம் இவ்வளவும் தெரியும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ரசம் எனக்குப் புளித்த வெந்நீர். ஏலக்காய்க்கும் சோம்புக்கும் உள்ள வித்தியாசம் பல்லில் கடிபடுவதில் மட்டும்தான். இருபது ஆண்டுகளாக ஓட்டல் சாப்பாட்டைப் பற்றி எழுதிப் பிழைத்தவளுக்கு இது எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பத்திரிகை ஆசிரியரிடம் மறைக்காமல் சொன்னேன். "தெரிஞ்ச வரைக்கும் எழுதுங்க. மிச்சத்துக்கு யாரையாவது கேட்டுக்குங்க" என்று அனுப்பிவைத்தார்.

அந்த யாராவதாக அமைந்தவர் ஜெயமணி டீச்சர். சுண்டிக்குளியில் நான் அறை எடுத்த வீட்டின் சொந்தக்காரர். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்றவர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். முதல் நாள் காலையில் பால் விடாத பிளேன்ரீயோடு என் எதிரில் உட்கார்ந்து, நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப நான் சாப்பிட்டுச் சொல்ல, நீங்கள் எழுதுவியளோ?" என்றார்.

"ஆமாம் டீச்சர். சாப்பாட்டுச் செலவு என்னுது."

"செலவு கிடக்கட்டும். கடையில தனிய இருந்து சாப்பிட எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை. ஆரும் கூட வந்தால் நல்லதுதான். வாறன்."

முதல் வாரம் நகரத்துக்குள்ளேயே சுற்றினோம். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சைவக் கடையில் மாலை ஆறு மணிக்கு இடியப்பமும் சொதியும். சொதி என்பது தேங்காய்ப்பாலில் மஞ்சளும் பச்சை மிளகாயும் போட்டு, தேசிக்காய் என்கிற எலுமிச்சை பிழிந்த இளங்குழம்பு. எனக்கு அது இதமான சூடு, கொஞ்சம் புளிப்பு. எப்படி இருக்கிறது என்று டீச்சரைக் கேட்டேன். யோசித்துவிட்டு, "ஒருத்தரையும் நோகப்பண்ணாத சாப்பாடு" என்றார். அவரைப் பற்றி அவரே சொன்ன மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் மாணவர்களின் தேர்ச்சி அறிக்கையில் 'முயற்சி போதாது' என்று ஒருமுறைகூட எழுதியதில்லையாம்.

பாசையூரில் மீன் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் நண்டுக் கறியும் சோறும், இலங்கைப் பணத்தில் ஆயிரத்து இருநூறு ரூபாய். இரண்டு பேரும் நண்டின் ஓட்டை உடைப்பதிலேயே மும்முரமாக இருந்தோம். நடுவில் டீச்சர் கையை நிறுத்தினார். "முருங்கையிலையைக் கடைசியிலதான் போட்டிருக்கினம். பச்சை மணம் இன்னும் நிக்குது. மழை விட்ட உடன வேலியடியில நிண்ட மாதிரி." அதை அப்படியே எழுதிக்கொண்டேன். நானாக எழுதியிருந்தால் அவ்வளவு நன்றாக வந்திருக்காது.

நல்லூரில் ஐஸ்கிறீம், ஸ்டான்லி வீதியில் கொத்துரொட்டி. கொத்து எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இரும்புத் தகட்டில் ரொட்டியைக் கொத்தும் இரண்டு தகடுகள் தாளம் போடும் சத்தம் வீதி முனையிலேயே கேட்கும். மணத்தால் பசிக்கிறவர்களுக்கு நடுவில் நான் சத்தத்தால் பசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மாலையில் நீர்வேலியில் இறங்கி, தேநீர்க் கடை வாசலில் தொங்கிய குலையிலிருந்து ஆளுக்கு இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டோம். இனிப்புக்குப் பின்னால் மெல்லிய புளிப்பு ஒன்று வந்தது. அதை நான் கண்டுபிடித்துச் சொன்னபோது, "ஓம், இருக்குத்தான். நான் இவ்வளவு காலமும் கவனிக்கேல்லை" என்றார் டீச்சர். அன்று எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

இரண்டாவது வாரக் கடைசியில் வடமராட்சிப் பக்கம் போனோம். பருத்தித்துறை பஸ் நீர்வேலியைத் தாண்டி வல்லை வெளிக்கு வந்ததும் இரண்டு பக்கமும் வீடில்லை, மரமில்லை. உப்புத் தரையும் காற்றும்தான். பருத்தித்துறைச் சந்தையில் தட்டையான வடை ஒரு பை வாங்கினோம். தாள் போல மெல்லியது, உளுந்தும் மிளகாயும் கடிபடும், ஒடிக்கும்போது பக்கத்து ஆளுக்கும் கேட்கும். வாசனை எதுவும் தேவைப்படாத தின்பண்டம். கடற்கரையில் படகுகளைப் பார்த்துக்கொண்டு பை முழுவதையும் முடித்துவிட்டோம்.

திரும்பும் வழியில் கரவெட்டியில் இறங்கினோம். டீச்சரின் பழைய மாணவி சுகந்தி அங்கே புதிதாகக் கூழ்க் கடை போட்டிருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். வீட்டு முன்பக்கத்தில் தகரக் கொட்டகை, இரண்டு மேசை. நாங்கள் போனபோது வேறு ஆள் இல்லை.

"ரீச்சர், என்னைத் தெரியுதே?"

"இலங்கைப் படம் கீற வராதெண்டு அழுத சுகந்தி எல்லோ?"

முப்பது வயதுக்கு மேலிருக்கும் அந்தப் பெண் அப்போதும் கொஞ்சம் வெட்கப்பட்டார். பனையோலையை மடித்துச் செய்த பிளாவில் கூழ் வந்தது. ஒடியல் கூழ்: பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் நண்டு, இறால், மீன், பயற்றங்காய், புளி, காய்ந்த செத்தல் மிளகாய் எல்லாம் போட்டுக் காய்ச்சியது. ஒரு பிளா அறுநூறு ரூபாய். முதல் வாயிலேயே எனக்குக் கசந்தது. காரத்துக்கு அடியில், தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் கசப்பு.

"கசக்குதா டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

டீச்சர் சுகந்தியைப் பார்த்தார். அவர் அகப்பையைக் கையில் பிடித்தபடி எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இல்லையே. நல்ல கூழ்" என்று டீச்சர் சத்தமாகச் சொன்னார். முழுவதும் குடித்தார். நானும் குடித்தேன்.

பஸ்ஸில் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மூக்கு போனபோதுகூட இவ்வளவு பயம் வரவில்லை. நாக்கு இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன். இப்போது அதுவும் இல்லாத கசப்பைக் காட்டத் தொடங்கிவிட்டது. அடுத்த சில நாட்கள் எதைச் சாப்பிட்டாலும் சந்தேகம். சோறு இனிக்கிறதா, மோர் புளிக்கிறதா, எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. டீச்சர் சொல்வதை எழுதிக்கொள்வதையும் நிறுத்தினேன். என் பங்கு ஒன்றுமே இல்லாத கட்டுரைக்கு என் பெயர் எதற்கு? மூன்றாம் வாரம் முடிவதற்குள் விமானச் சீட்டை முன்தேதிக்கு மாற்றக் கேட்டுவிட்டு, துணிகளை மடிக்கத் தொடங்கினேன்.

டீச்சர் அறை வாசலில் வந்து நின்றார். "ஏன் இப்ப போறியள்? இன்னும் ஒரு கிழமை கிடக்கே."

காரணத்தைச் சொன்னேன். கூழில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். 

"அது கசந்ததுதான்" என்றார். "குடிக்கேலாத கசப்பு. அந்தப் பிள்ளை நிண்ட நிலையைப் பாத்தனீங்கள்தானே. கடை திறந்து ஒரு மாதமும் ஆகேல்லை. எப்பிடிச் சொல்லுறது எண்டு விட்டிட்டன். உங்களை நான் யோசிக்கேல்லை, மீனாட்சி."

கோபம் வந்தது. ஆனால் அதற்கு முந்திக்கொண்டு வந்தது ஆறுதல். கசந்தது. எனக்குக் கசந்தது, உண்மையிலேயே கசந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மடித்த புடவை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லணும் டீச்சர்."

அவர் கட்டிலிலிருந்து எழுந்தார். பிறகு, "ஓம். நாளைக்குப் போவம். நான்தான் சொல்லவேணும்" என்றார்.

மறுநாள் பத்து மணிக்குக் கரவெட்டியில் இருந்தோம். மேசைகள் அன்றும் வெறுமையாகத்தான் இருந்தன. டீச்சர் உட்காரக்கூட இல்லை.

"சுகந்தி, அண்டைக்கு நான் பொய் சொன்னனான். கூழ் கசந்தது."

சுகந்தி அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பினார். அழுவார் என்று நான் நினைத்திருந்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது. "வந்த எல்லாரும் நல்லாயிருக்கு எண்டுதான் சொல்லிப்போட்டுப் போனவை. பேந்து ஒருத்தரும் வரேல்லை. என்ன பிழை எண்டு தெரியாமல் நான் இஞ்ச கிடந்து யோசிக்கிறன். நீங்களாவது சொல்லியிருக்கலாம், ரீச்சர்."

"சொல்லியிருக்கத்தான் வேணும்" என்றார் டீச்சர். 

"நீங்க ருசி பார்க்கிறதில்லையா?" என்று கேட்டேன்.

"எனக்கு நண்டு, றால் ஒத்துவராது அக்கா. ஒரு வாய் வைச்சாலே முகமெல்லாம் வீங்கிப்போடும். வீட்டில இருக்கிற அப்பாவுக்கு வயசுபோய் இப்ப எல்லாச் சாப்பாடும் ஒண்டுதான். மணத்தை வைச்சுத்தான் காய்ச்சுறனான். மணம் சரியாத்தானே இருந்தது."

மணம் சரியாகத்தான் இருந்தது என்று டீச்சரும் சொன்னார். கசப்புக்கு மணமில்லை. மாவை நீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை இறுத்து, திரும்பவும் நீர் விட்டு இறுத்தெடுக்க வேண்டும். சுகந்தி அவசரத்தில் ஒருமுறை மட்டுமே இறுத்திருந்தார். அன்று புதிதாக மாவு கரைத்தார். ஒவ்வொரு முறை இறுத்த பிறகும், நண்டு காய்ச்சுகிற அதே பானையில் கரைத்த மாவை என் நாக்கில் வைத்துப் பார்த்தேன். "இன்னும் இருக்கு" என்றேன். மறுபடியும், "இருக்கு, குறைஞ்சிருக்கு." அதற்கடுத்த முறை கசப்பு தேடியும் கிடைக்கவில்லை.

அடுப்பில் பானை ஏறியதும் சுகந்தி மூடியைத் திறந்து, ஆவியில் முகத்தை வைத்து, "நண்டு அவிஞ்சிட்டுது, இனிப் புளி விடலாம்" என்றார். எனக்கு அந்த ஆவி வெறும் ஈரச் சூடு. அவர் புளி விட்டார், நான் ஒரு கரண்டி எடுத்து, இன்னும் கொஞ்சம் விடலாம் என்றேன். அவருக்குத் தெரிவது எனக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிவதை அவரால் வாயில் வைக்க முடியவில்லை. கூழ் இரண்டு பேருக்கும் நடுவில் கொதித்தது. மதியம் நெல்லியடிப் பக்கமிருந்து லொறியில் வந்த இரண்டு பேர் ஆளுக்கு ஒரு பிளா குடித்தார்கள். ஒருவர் பிளாவை மறுபடி நீட்டினார். சுகந்தி விளிம்புவரை ஊற்றினார்.

விமானச் சீட்டை மாற்றக் கேட்டதை ரத்துசெய்தேன். மீதி நாட்களில் இன்னும் இரண்டு முறை கரவெட்டிக்குப் போனேன். அந்த மாதத்தில் சாப்பிட்டவற்றில் எனக்குப் பிடித்தவை என்று சிலவற்றைத்தான் எழுதினேன்: கொத்தின் சத்தம், வடையின் முறிவு, நீர்வேலிப் பழத்தின் புளிப்பு, கசப்பில்லாத கூழ். டீச்சர் சொன்னவற்றை அவர் பெயரிலேயே போட்டேன். மணத்தைப் பற்றி நானாக ஒரு வரியும் எழுதவில்லை.

சென்னையில் வீட்டுக்குப் பக்கத்து ஓட்டலில் சாப்பிட்டு எழும்போது, நன்றாக இருந்ததா என்று கேட்பார்கள். நாமும் கை கழுவ நடந்தபடியே தலையாட்டுவோம். யாழ்ப்பாணத்திலும் அதேதான். நல்ல மனிதர்கள்தான் அப்படிச் சொல்கிறார்கள், மனம் நோகக்கூடாதென்று. தலையாட்டல்களை நம்பி ஒருத்தி வெறும் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தது எனக்கு இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

மூக்கு இன்னும் திரும்பவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சுகந்தி தொலைபேசியில் அழைத்தார்.

"அக்கா, ரீச்சர் இப்ப சனிக்கிழமையில பஸ் ஏறி வந்து ருசி பாக்கிறவ. நேற்று உப்புக் காணாது எண்டு சொல்லிப்போட்டா. கரண்டிக் கணக்கிலதான் போட்டனான், அளவாத்தான் இருக்கு எண்டு நான் சொல்ல, பெரிய வாக்குவாதமாப் போச்சு. கோவிச்சுக்கொண்டு போயிட்டா."

"அப்புறம்?"

"உப்புப் போட்டனான்" என்றார் சுகந்தி. "பேந்து குடிச்ச ஆக்களும் சொல்லிச்சினம், அவ சொன்னதுதான் சரி."