தட்டிப் பார்த்த கத்தி

திண்டிவனம் ரோட்டில் எங்கள் கம்பெனி. டிராக்டருக்குப் பின்னால் மாட்டி உழுகிற ரோட்டவேட்டருக்குக் கத்தி செய்வோம். பழுக்கக் காய்ச்சிய கத்தியை எண்ணெயில் முக்கி எடுத்து, ஆறியதும் தரையில் தட்டிப் பார்ப்போம். கணீரென்றால் நல்லது. சத்தம் செத்திருந்தால் கீறல் விட்டிருக்கிறது என்று அர்த்தம்; ஒதுக்கிப் போட்டுவிடுவோம். என் பக்கத்து உலையில் நின்றவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். கேன்டீன் தட்டைக்கூடத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சோறு வாங்குவார்.

சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் ஸ்டிரைக் தொடங்கியபோது அவர் ஓய்வு பெறுகிற நேரம். போலீஸ் கேஸ் வாங்குகிறவனுக்குக் கம்பெனி பென்ஷன் கிடையாது என்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

“நீ வராதண்ணா,” என்றேன்.

“வூட்ல குந்திக்கினு இன்னா பண்ணச் சொல்ற?”

அன்று காலை சரக்கு லாரி வெளியே வந்தது. குறுக்கே உட்கார்ந்தோம். எங்கள் உலைகளில் புதிதாக இறக்கிய கான்ட்ராக்ட் ஆட்கள் லாரியிலிருந்து குதித்தார்கள். கையில் அவர்கள் செய்த கத்திகள்.

“பென்ஷன் வேணுமா பெருசு? இந்தா, வாங்கிக்கினு போ,” என்று ஒருவன் கத்தியை ஓங்கினான்.

அண்ணன் தலைக்கு வந்த வெட்டைக் கையால் தடுத்தேன். முழங்கைக்குக் கீழே எலும்பு தெரிந்தது. எங்கள் பக்கமிருந்து பறந்த கருங்கல் வெட்டியவனின் வாயில் விழுந்தது. பல்லைத் துப்பிக்கொண்டே அண்ணன் காலடியில் சாய்ந்தான். விழுந்தவனை எங்கள் ஆட்கள் மிதித்தார்கள். போலீஸ் புகுந்து, யார் என்ன என்று பார்க்காமல் லத்தியை மண்டைகளில் இறக்கியது.

அதற்கு நடுவில் அண்ணன் குனிந்து, வெட்டியவன் கைநழுவவிட்ட கத்தியை எடுத்தார். ஓங்கி ரோட்டில் ஒரு தட்டு தட்டினார். காதைச் சாய்த்தார்.

“கீறல் உட்டுருக்குது பாரு,” என்றார் என்னிடம்.

கம்பெனி மாடியிலிருந்து சூப்பர்வைசர் செல்போனில் படம் பிடித்திருந்தார். படத்தில் ஓங்கிய கத்தி. கீழே ரத்தத்தில் கிடக்கிறவன். அண்ணன்மேல் கொலை முயற்சி வழக்கு. பென்ஷன் நின்றது.

விழுப்புரம் கோர்ட்டில் அண்ணனுக்காக நான் சாட்சி. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

“கத்திய எதுக்கு எடுத்தாரு?” என்றார் எங்கள் வக்கீல்.

“தட்டிப் பாக்கத்தாங்க.”

“வெட்டுக் குத்து நடக்கிற எடத்துல செக்கிங்கா?” என்று அரசு வக்கீல் கேட்க, கோர்ட்டே சிரித்தது.

மேஜைமேல் அந்தக் கத்தி இருந்தது. கை காட்டிக் கேட்டேன், கொடுத்தார்கள். தரையில் தட்டினேன். செத்த சத்தம். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கூண்டில் நின்ற அண்ணன் மட்டும் தன்னை மறந்து, உலையடியில் செய்வதுபோல, ஒதுக்கிப் போடு என்று கையை வீசினார்.

எழுதிக்கொண்டிருந்த நீதிபதி நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தார்.