பட்டன் அக்காவின் மிச்ச மாத்திரைகள்

பட்டன் அக்காவுக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. நைந்த சட்டையிலிருந்து பட்டனைக் கழற்றுவாள், கிழிந்த பேண்டிலிருந்து ஜிப்பை உருவுவாள், மழுங்கின ஊசியைக்கூட எதற்காவது ஆகும் என்று எடுத்து வைப்பாள். கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே அவளுடைய தையல் மிஷின். புதுத்துணி தைப்பதில்லை. பிரிப்பது, பிடிப்பது, நீளம் குறைப்பது, இவ்வளவுதான் தொழில். முதுகுக்குப் பின்னால் ஒரு பலகையில் பதினான்கு பிஸ்கட் டப்பாக்கள். எதில் என்ன இருக்கிறது என்பது அவளுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். கடவுளுக்குச் சந்தேகம் வந்தால் அவளைத்தான் கேட்க வேண்டும்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், அதே மாடிப்படியின் உச்சியிலிருந்து ஒரே மூச்சில் கீழே வந்து சேர்ந்தாள். முதுகெலும்பு இரண்டு இடத்தில் நசுங்கி, நடுவில் ஒரு நரம்பு மாட்டிக்கொண்டது. ஆபரேஷன் வெற்றி என்றார்கள். வெற்றி டாக்டருக்கு, வலி இவளுக்கு. இடுப்பில் கிளம்பி இடது கால் பெருவிரல் வரை அது இறங்கும்போது, நாற்பத்தேழு வருடமாக வாயில் வராத வார்த்தைகளெல்லாம் அவளுக்குச் சரளமாக வந்தன. அவளுடைய வீட்டுக்காரர் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுபவர், பரம சாது. "இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?" என்று வாயைப் பிளந்தார்.

எட்டு மாதம் அலைந்த பிறகு, வலிக்கென்றே இருக்கும் டாக்டர் ஒருத்தர் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "வலிச்சா போடுங்கம்மா. ஒரு நாளைக்கு நாலு வரைக்கும் போகலாம்." முதல் மாத்திரை போட்ட அன்று ஒரு பேண்டின் இரண்டு காலையும் எழுந்திருக்காமல் மடித்துத் தைத்தாள். தைத்து முடித்ததும் அந்தப் பேண்டிலேயே முகத்தை வைத்து அழுதாள்.

அந்த மாத்திரை ஊரில் ஒரே ஒரு ஆஸ்பத்திரிக் கவுண்டரில்தான் கிடைக்கும். ஒரு தடவை அவர்கள் லைசென்ஸைப் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள். சரக்கு வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் பட்டன் அக்கா குளியலறைத் தரையில் கிடந்தாள், அங்கேதான் கொஞ்சம் சில்லென்று இருந்தது. லைசென்ஸை மறந்த புண்ணியவான் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருப்பான். பத்தாம் நாள் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். இனி எவனையும் நம்பி இருக்க முடியாது. தாங்க முடியாத நாளில் நாலு, பல்லைக் கடித்துத் தாங்க முடிகிற நாளில் இரண்டு. மிஞ்சியதை அட்டையோடு ஒரு சிவப்பு டப்பாவில் போட்டு மற்ற டப்பாக்களோடு வைத்தாள். மிஞ்சிய பட்டன் எங்கே போகுமோ, மிஞ்சிய மாத்திரையும் அங்கேதான் போகும். ஆறு மாதத்தில் நூற்றுப் பன்னிரண்டு சேர்ந்தது. அதாவது, ஐம்பத்தாறு நாள் பல்லைக் கடித்திருக்கிறாள்.

அந்த வட்டாரத்துப் போதைத் தடுப்பு இன்ஸ்பெக்டருக்கு அந்த வருடம் தொப்பை ஏறிக்கொண்டே போனது, வழக்குகள் குறைந்துகொண்டே போயின. மேலிடத்தில் திட்டு. முதலில் தொப்பையைக் கவனிப்போம் என்று யூனிஃபார்ம் பேண்டை எடுத்துக்கொண்டு பட்டன் அக்காவிடம் வந்தார்.

"இடுப்பைக் கொஞ்சம் பிரிச்சு விடணும். நாளைக்கு வேணும்."

"கொஞ்சம் போதுமா சார்?" என்றாள் அவள், அளவு நாடாவைப் பார்த்தபடி. அவர் முறைத்தார். அவள் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். கொக்கியும் மாற்ற வேண்டியிருந்தது. அவளால் திரும்பி எடுக்க முடியாது. "சார், பின்னாடி சிவப்பு டப்பால கொக்கி இருக்கும், கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்."

சிவப்பு டப்பா இரண்டு இருந்தன. அவர் மற்றதைத் திறந்தார்.

"என்னம்மா இது?"

"வலி மாத்திரை சார். சீட்டு இருக்கு."

"இவ்வளவா?"

இந்த இடத்தில் அவள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மிச்சம் பிடிக்கிறவர்களுக்கு அது முடியாது, கொஞ்சம் பீற்றிக்கொண்டே ஆக வேண்டும். "எழுதிக் குடுத்ததை எல்லாம் சாப்பிடலை சார். சேர்த்து வெச்சிருக்கேன்," என்றாள் பெருமையாக.

இன்ஸ்பெக்டரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சாப்பிடாதவளுக்கு மாத்திரை எதற்கு? விற்பதற்கு. அரை மணி நேரத்தில் ஜீப் வந்தது. பதினான்கு டப்பாவையும் மேஜையில் வரிசையாக அடுக்கிப் போட்டோ எடுத்தார்கள், பதின்மூன்றில் பட்டனும் கொக்கியும் ஜிப்பும் என்பதைப் போட்டோ சொல்லுமா என்ன. அவருடைய பேண்ட் பாதி பிரித்தபடி மிஷின் மேல் கிடந்தது.

காவலில் பதினொரு நாள். மாத்திரை கிடையாது. வலிக்கு ஒரு தைலம் கொடுத்தார்கள். உடம்பு நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, குடித்த தண்ணீரும் வெளியே வந்தது. 'போதைக்கு ஏங்குகிறார்' என்று அங்கிருந்த காவலர் எழுதி வைத்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற வீட்டுக்காரரிடம் அவள், "செத்துப் போனா நல்லாருக்கும்," என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் அன்றைக்கு வேலைக்குப் போய், நாலாம் மாடிக்காரர்களை ஆறாம் மாடியில் இறக்கிவிட்டுக்கொண்டே இருந்தார்.

ஜாமீன் கிடைத்த பிறகு வழக்கு பதினான்கு மாதம் நடந்தது. நிரூபித்துவிட்டால் பத்து வருடம் உள்ளே. அவளுடைய வக்கீல் ஒரு பெண்மணி, கோட்டுக்குக் கை நீளம் குறைக்க வந்து பழக்கமானவர். "நீங்க வாயே திறக்கக் கூடாது," என்று கரடியாகக் கத்தியிருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல், அவள் மாத்திரைக்கு அடிமை என்று காவலர் எழுதியதை ஒரு கையிலும், மாத்திரையைச் சாப்பிடாமல் விற்கப் பதுக்கினாள் என்ற அறிக்கையை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வாசித்தார். பட்டன் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"சாப்பிட்டா அடிமைங்கறீங்க. சாப்பிடாம வெச்சா வியாபாரிங்கறீங்க. நான் என்னய்யா செய்யணும், நாக்குக்கடியில ஒளிச்சு வெச்சுக்கணுமா?"

நீதிபதி ஏதோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டு சிரித்தார். பிறகு நிஜமாகவே எழுதினார்: விற்றதற்குச் சாட்சி இல்லை, விடுதலை. எழுந்து போகும் முன்னால் நல்லெண்ணத்தோடு ஒரு புத்தியும் சொன்னார். "டாக்டர் எழுதின அளவைச் சரியா சாப்பிடுங்கம்மா. மிச்சம் வெச்சாதானே இந்தச் சங்கடமெல்லாம்."

வழக்கில் பேர் அடிபட்டதில் டாக்டரும் உஷாராகிவிட்டார். சீட்டில் 'வலித்தால்' என்பதை எடுத்துவிட்டு, 'தினமும் நான்கு' என்று எழுதினார். இனிமேல் மாதாமாதம் காலி அட்டையைக் காட்டினால்தான் கவுண்டரில் புது மாத்திரை.

"ரெண்டுன்னு எழுதுங்களேன் டாக்டர்."

"கெட்ட நாள் வந்தா என்ன செய்வீங்க? அன்னைக்கு மேல ரெண்டு தர எனக்கு அதிகாரம் இல்ல."

மிஞ்சுவதைச் சாக்கடையில் போட்டுவிடலாமா என்று வக்கீலிடம் கேட்டாள். "யாராவது பார்த்தா, தடயத்தை அழிச்சீங்கன்னு அதுக்கொரு கேஸ் வரும்," என்றார் அவர்.

அதனால் சாப்பிட்டாள். வீட்டுக்காரர் கைப்பேசியில் நாலு வேளைக்கு அலாரம் வைத்துக் கொடுத்தார். வலி இருக்கிறதோ இல்லையோ, அலாரம் அடித்தால் மாத்திரை. பகலில் மிஷின் மேலேயே தலை சாய்ந்தது. ஒரு வாடிக்கையாளரின் பாக்கெட்டை வாய் திறக்காமல் சேர்த்துத் தைத்துவிட்டாள். அவர் கையை விட முடியாமல் திணறியதைப் பார்த்துத் தெருவே சிரித்தது, அவளும் சிரித்தாள். ஆனால் ஆறாவது மாதம், நாலு போட்ட பிறகும் வலி பெருவிரல் வரை இறங்கியபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"உடம்பு பழகிடுச்சும்மா," என்றார் டாக்டர். "ஆறாக்கிடுவோம்."

"ரெண்டுல நின்னுச்சு டாக்டர்," என்றாள் அவள். "முன்னாடி பல நாள் எனக்கு ரெண்டே போதுமா இருந்துச்சு. கோர்ட்ல என்னை அடிமைன்னாங்களே, அப்ப அது பொய். இப்ப?"

"அது வேற, இது வேற," என்றார் டாக்டர், அவள் முகத்தைப் பார்க்காமல். எழுதி, கிழித்துக் கொடுத்தார்.

கவுண்டரில் காலி அட்டைகளைக் கொட்டினாள். கவுண்டர்க்காரர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து முடித்துவிட்டு, அவளைப் பார்த்து மனம் நிறைந்து சிரித்தார்.

"ஒண்ணுகூட மிச்சமில்ல. ஆரம்பத்துலேர்ந்தே இப்படி இருந்திருக்கலாம்ல அக்கா?" என்றபடி, போன மாதத்தைவிடப் பெரிய பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினார்.